பிழை பைதானிலா, என்னிலா?



பைதான் என்றவுடன் பாம்புதான் ஞாபகம் வரும். ஆனால் கைடோ வான் ராசம் 1991-ல் வெளியிட்ட இந்தக் கணினி மொழிக்குப் பெயர் வந்தது, பிபிசி-யில் வந்த ‘மான்டி பைதான்’ நகைச்சுவைத் தொடரிலிருந்து. பாம்பு இல்லை என்ற தைரியத்தில் நானும் கை வைத்தேன். கொத்திவிட்டது!

விளையாட்டு விழாவுக்குப் புள்ளிப் பட்டியல் போடும் பொறுப்பை சார் எனக்கும், எளாவூரிலிருந்து ரயிலில் வரும் என் நண்பனுக்கும் கொடுத்தார். சேரர், சோழர், பாண்டியர், பல்லவர் என நான்கு அணிகள். ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் என மூன்று போட்டிகள். ஒரு பெரிய லிஸ்ட், அதற்குள் அணிக்கு ஒன்றாக நான்கு குட்டி லிஸ்ட். பைதான் 3-ல் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் இப்படி எழுதினேன்:

புள்ளி = [[0]*3]*4

ஒரே வரியில் வேலையை முடித்த பெருமை எனக்கு! முதலில் நடந்தது குண்டு எறிதல். ஜெயித்தது சோழர் அணி. பைதான் 0-விலிருந்து எண்ணும். அதனால் சோழர் 1, குண்டு எறிதல் 2.

புள்ளி[1][2] = 5

தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது நண்பன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். அவன் பல்லவர் அணி. சும்மா பல்லவர் வரிசையை மட்டும் எடுத்துப் பார்த்தேன். [0, 0, 5] என்று வந்தது!

“ஏன்டா, உங்க டீமுக்கு நீயே மார்க் போட்டுக்கிட்டியா?”

“நான் கீபோர்டையே தொடலடா.”

நான் நம்பவில்லை. இரண்டு நாள் அவன் வேறு பெஞ்சில் உட்கார்ந்தான். சாயங்காலம் ஸ்டேஷன் வரை சேர்ந்து நடப்பதும் நின்றுபோனது.

மூன்றாம் நாள் சாரிடம் சொன்னேன். “முழு லிஸ்டையும் பாத்தியா?” என்று கேட்டார். பார்த்தேன். சேரருக்கு 5, பாண்டியருக்கும் 5! எல்லா வரியிலும் அதே 5.

சார் போர்டில் ஒரே ஒரு பெட்டி வரைந்து, நான்கு அம்புக்குறி போட்டார். “*4 போட்டா நாலு லிஸ்ட் வராது. ஒரே லிஸ்டை நாலு தடவை காட்டும். ஒரு நோட்டு வாங்கி அட்டையில நாலு பேர் பேரை எழுதினா, ஒருத்தன் எழுதறது நாலு பேர் கணக்குலயும் வராதா?”

“அப்போ உள்ளே இருக்கிற *3 மட்டும் ஏன் சார் தப்பில்ல?”

“எண்ணுக்கு உள்ளே எதையும் திருத்த முடியாது. அந்த இடத்துல வேற எண்ணைத்தான் வைக்க முடியும். லிஸ்ட் அப்படியில்ல, உள்ளேயே மாறும்.”

நாலு நோட்டு தனித்தனியாக வாங்கினேன்:

புள்ளி = [[0,0,0], [0,0,0], [0,0,0], [0,0,0]]

இப்போது சோழருக்கு மட்டும் 5 ஏறியது. பெரிய லிஸ்டை சாதாரணமாகக் காப்பி எடுத்தாலும் உள்ளே இருப்பவை அதே குட்டி லிஸ்ட்கள்தான், தனித்தனியாக வேண்டுமென்றால் ‘டீப் காப்பி’ எடுக்க வேண்டும் என்றும் சார் எச்சரித்தார்.

அன்று சாயங்காலம் ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் நண்பனிடம் மன்னிப்புக் கேட்டேன். “மத்த வரியையும் பாத்திருந்தா என்னடா?” என்றான். என்னிடம் பதில் இல்லை.

நண்பர்களே, லிஸ்டில் வந்த பிழையை ஒரே வரியில் திருத்திவிட்டேன். ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு நண்பன்மேல் போட்ட பழியைத் திருத்தத்தான் நாளாயிற்று. நீங்களும் முழு லிஸ்டையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள்!

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவன்