கேமரன் மலை, ஜூன்

ஜூன் 2

பக்கவாதம் வந்தபிறகு என் கணவர் வாய்திறந்து கேட்ட முதல் காரியம். காலையில் கஞ்சி கொடுக்கும்போது "மலை" என்றார். எந்த மலை என்று நான் கேட்கவில்லை. இடைநிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியராக இருந்த காலம் முழுக்க, பிள்ளைகளை ஈராவ் சிகரத்துக்கு ஏற்றிக்கொண்டு போனவர். சேறும் வேரும் நிறைந்த 2,110 மீட்டர் மலை அது. இன்றைக்குக் கட்டிலிலிருந்து கழிவறைவரை போவதற்குள் இரண்டு தடவை நிற்கிறார்.

பிசியோதெரபி செய்யும் பெண், போகலாம், ஏற்றமும் படியும் மட்டும் வேண்டாம் என்றாள். மகள் போகவே வேண்டாம் என்கிறாள். இனி இதில் எழுதி வைக்கப்போகிறேன். நாட்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. எந்தச் சொல்லை எப்போது சொன்னார் என்பதே பிடிபடாமல் போகிறது.

ஜூன் 5, தானா ராத்தா

ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழிதான் சுலபம். அவர் இடது கையால் தெற்கே காட்டினார். தாப்பா வழி. 1931-இல் திறந்த பழைய சாலை, வளைவுமேல் வளைவு. எனக்குக் குமட்டியது. அவருக்கு ஒன்றுமில்லை. லாத்தா இஸ்கந்தார் அருவி சாலையை ஒட்டியே விழுவதால் காடியை ஓரங்கட்டி, கதவைத் திறந்துவிட்டோம். சாரல் முகத்தில் படும் தூரம். பக்கத்தில் பூர்வகுடியினரின் கடைகளில் பெத்தாயும் தேனும். ஒரு கொத்துப் பெத்தாய் வாங்கச் சொல்லிக் கண் காட்டினார். தங்கும் அறையில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வாங்கினேன்.

ஜூன் 6

மழை. நாள் முழுக்க.

ஜூன் 7

சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம். இதை முழுதாக எழுதவேண்டும்.

தானா ராத்தாவிலேயே பிறந்த ஒரு தம்பியை ஓட்டுவதற்குப் பேசியிருக்கிறோம். பிரிஞ்சாங் தாண்டிப் பிரியும் தோட்டச் சாலையில், எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுக்கவேண்டும். அங்கே போய் நின்றதும் அவர் இறங்க மறுத்தார். வீல்சேரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேலே தேநீர் நிலையத்துக்குப் படியேறித்தான் போகவேண்டும். "நீங்க போய்ட்டு வாங்க ஆன்ட்டி, நான் அங்கிளோட இருக்கேன்" என்றான் தம்பி.

போனேன். கோபத்தோடுதான் ஏறினேன். பள்ளத்தாக்கின்மேல் தூணின்றி நீண்டு நிற்கும் தளத்தில் போய் நின்றதும், அந்தக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பச்சை, அதற்குள் வேறொரு பச்சை, சரிவெல்லாம் வரிவரியாகப் பாதை. எவ்வளவு நேரம் நின்றேனோ. அவர் நினைப்பே இல்லாமல் இருந்தேன். பல மாதங்களில் இப்படி இருந்ததில்லை.

1929-இல் ரஸ்ஸல் என்ற வெள்ளைக்காரர் 'போ' தோட்டத்தைத் தொடங்கியபோது இதெல்லாம் காடு. வெட்டித் திருத்தி நட்டவர்களில் நம் ஆட்கள் எத்தனையோ பேர். விட்டால் மரமாக உயர்ந்துவிடும் செடி இது. கொழுந்து எடுப்பவரின் கைக்கு எட்டவேண்டும் என்று இடுப்பளவில் கவாத்து செய்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். இந்த மலையின் வடிவமே பறிப்பவரின் உடம்பை அளவெடுத்துச் செய்ததுதான். எதிர்ச் சரிவில் இரண்டு பேர் இயந்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வரிசையின்மேல் இழுத்துக்கொண்டு போனார்கள். சரிவு செங்குத்தான இடத்தில் ஒருவர் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தார். தளத்தில் எல்லோரும் படம் பிடித்தார்கள். அந்த மூவரும் படத்தில் புள்ளியாகக்கூட விழுந்திருக்க மாட்டார்கள்.

திரும்பி வந்தால் காடிக் கதவு திறந்திருந்தது. வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவர் அவர் பக்கத்தில் குந்தியிருந்தார். என் கணவரின் இடது கையில் இரண்டு இலையும் ஒரு மொட்டும். என்னைப் பார்த்ததும் அந்த மனிதர் எழுந்து, "பக்கவாதமா?" என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். தன் அப்பாவுக்கும் அப்படித்தான் என்றார். ஊருக்குப் போய்ப் பார்க்க முடியவில்லை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பக்கவாதம் என்ற அந்த வார்த்தையைச் சொல்லக் கூசிச் சுற்றிச் சுற்றிப் பேசியிருக்கிறார்கள்.

வரும் வழியில் தம்பி சொன்னான்: "எங்க பாட்டி இங்கதான் கொழுந்து எடுத்தாங்க. கூடையோட அந்தச் சரிவெல்லாம் ஏறுவாங்க. மேல அந்த டீக்கடையில ஒரு நாளும் உக்காந்ததில்ல."

ஜூன் 8

காலை உணவில் கரண்டியை வீசினார். பக்கத்து மேசையில் குழந்தைகள் இருந்தார்கள். எழுத மனமில்லை.

ஜூன் 10

நேற்றைக்கு முந்தின நாளைப் பற்றி நாங்கள் பேசவில்லை. இன்று அவராகவே சட்டை மாட்ட இடது கையை நீட்டினார்.

ரிங்லெட் சாலையோரமிருந்து ஒரு தோட்டம் பார்த்தோம். இறங்கவே வேண்டாம், கண்ணாடியை இறக்கினால் போதும். மலையேறாதவர்களுக்கு இங்கே என்ன இருக்கிறது என்று மகள் கேட்டாளே, அவளுக்கு இதைச் சொல்லவேண்டும். 1885-இல் வில்லியம் கேமரன் நிலம் அளக்க வந்தார். அவர் கண்ட பீடபூமி சரியாக எங்கே இருக்கிறது என்பதில் பல காலம் குழப்பம். 1925-இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்து, வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குத் தப்பி ஓய்வெடுக்க ஓர் ஊர் வேண்டும் என்றார். ஓய்வெடுக்க வருபவர்களுக்கென்றே உண்டான ஊர் இது. கோல்ஃப் திடலும் பங்களாக்களும் அவர்களுக்கு. நடந்தவர்கள், சுமந்தவர்கள் வேறு ஆட்கள். இந்தக் கதையை அவர் வகுப்பில் எத்தனை தரம் சொல்லியிருப்பார்! இன்று நான் சொன்னேன். ஆண்டை மாற்றிச் சொன்னபோது தலையை ஆட்டி மறுத்தார். வேண்டுமென்றேதான் மாற்றினேன்.

மாலையில் லேண்ட் ரோவரில் பிரிஞ்சாங் உச்சிப் பக்கம் போனோம். 2,000 மீட்டருக்குமேல் வண்டியே ஏறிவிடுகிறது. குண்டும் குழியுமான சாலை, நான் அவர் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டேன். பாசிக்காட்டின் ஓரத்தில் நிறுத்தினார்கள். மேகம் மரங்களுக்குள் நுழைகிறது. கிளை, தண்டு, கல் எல்லாம் பாசி. மழை இல்லாத நேரத்திலும் மேகத்திலிருந்து நீரைப் பிடித்துவைத்து ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது இந்தப் பாசிதான். கீழே தோட்டங்களும் காய்கறிப் பண்ணைகளும் குடிக்கும் தண்ணீர் இங்கே தொடங்குகிறது. காட்டை வழித்து நெகிழிக் கூரை போட்டிருக்கும் சரிவுகளை வழியெல்லாம் பார்த்துக்கொண்டு வந்ததால் இதைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது.

காட்டுக்குள் போகும் மரப்பலகைப் பாதையைக் கையால் காட்டினார். "வேணாங்க, படி இருக்கு" என்றேன். மறுபடி காட்டினார். தாய்லாந்தின் பட்டு வியாபாரி ஜிம் தாம்ப்சன் 1967-இல் தானா ராத்தா பங்களாவிலிருந்து உலாவப் போனவர், இன்றுவரை திரும்பவில்லை. அந்தக் கதையை இழுத்து அவரைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். சிரிக்கவில்லை. வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

ஜூன் 11

மகள் போன் செய்தாள். நாளைக்கே இறங்கி வரச் சொல்கிறாள். மருந்தும் மூன்று நாளைக்குத்தான் இருக்கிறது.

மதியம் என் பேனாவை எடுத்து, இந்தக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் இடது கையால் எழுதினார். கோணல் மாணலாக: "படி எத்தனை?"

எனக்குத் தெரியாது என்றேன். தம்பியிடம் கேட்டேன். "எண்ணுனதில்ல ஆன்ட்டி. காலையில ஒரு ஆள விட வேற மேல போறேன். எண்ணிட்டு வந்து சொல்றேன்" என்றான்.