வெட்டியதை ஒட்ட முடியாது



சனவரித் திங்களில் ஒருநாள் காலை, கேத்தி இரயில் நிலையத்திற்கு மேலே மலைச்சரிவில் வாழும் ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தோம். பள்ளத்தாக்கின் காரட் தோட்டங்கள்மீது உறைபனி உப்பைத் தூவினாற்போல் படிந்திருந்தது. அவ்வீட்டு மகன், கல்லூரி மாணவன், அடுப்பருகே அமர்ந்து பழுப்பு நிறத் தகடு ஒன்றை அனலில் காட்டிக்கொண்டிருந்தான்.

“என்ன தம்பி, அப்பளம் சுடுகிறாயா?” என்று வேடிக்கையாக வினவினோம்.

“லினோலியம், சாமி. குளிரில் விறைத்துவிட்டால் உளி இறங்காது. சூடு பட்டால் இளகும்” என்றான்.

ஆளிவிதை எண்ணெயையும் தக்கைத் தூளையும் கலந்து, சணல் துணிமீது படியவைத்துச் செய்யப்படும் பொருள் அது. ஃபிரெடெரிக் வால்ட்டன் என்னும் ஆங்கிலேயர் 1863-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். தரையில் விரிப்பதற்கென வந்தது, மரத்தைவிட மென்மையாய் இருத்தலின் ஓவியர் கைக்கும் வந்து சேர்ந்தது. வெள்ளையாய்த் தெரிய வேண்டிய இடங்களை உளியால் அகழ்ந்துவிட்டு, எஞ்சிய மேட்டில் உருளையால் மை தடவி, தாளை வைத்துக் கரண்டியின் அடிப்புறத்தால் தேய்த்தால் படம் பதிந்துவிடும்.

நமக்கும் ஆசை பிறந்தது. சிறு துண்டொன்றைத் தந்து, “இடக்கையை உளிக்கு முன்னால் வைக்காதீர்கள், சாமி” என்று எச்சரித்தான். ‘கேத்தி’ என்று எழுதிச் செதுக்கினோம். ஒரு மணி நேர உழைப்பு! தாளை உரித்துப் பார்த்தால், எழுத்தெல்லாம் கண்ணாடியில் காண்பதுபோல் இடம்வலம் மாறிக் கிடந்தன. முதலிலேயே திருப்பி எழுதியிருக்க வேண்டுமாம்.

“வெட்டிய துணுக்குகளைப் பசையிட்டுச் சரிசெய்யலாமா?” என்றோம்.

“வெட்டியதை ஒட்ட முடியாது, சாமி. மிஞ்சியிருப்பதை வைத்துத்தான் படத்தை முடிக்க வேண்டும்.”

அவன் இயல்பாகத்தான் கூறினான். நம் நெஞ்சிலோ அது தைத்தது. ஈராண்டுகளுக்கு முன், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த வேளையில், அவன் அன்னை நம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தார். மகன் ஓவியம் பயில விரும்புகிறான் என்றார். “படம் வரைந்து வயிறு நிரம்புமா, அம்மா? வணிகவியலில் சேருங்கள்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டோம். பையனை அழைத்து ஒரு சொல்லும் கேட்டோமில்லை. நம் சொல்லும் ஓர் உளியாயிற்று.

அன்று அவன் செதுக்கிய படத்தைக் காட்டினான். தேயிலைக் கூடையைச் சுமந்து நிற்கும் அவன் அன்னை! சுற்றிலும் கருமை, உருவமோ சில வெண்கோடுகள் மட்டுமே. 1930-இல் தண்டி யாத்திரையை நினைந்து நந்தலால் போஸ் லினோலியத்தில் செதுக்கிய காந்தியடிகள் படம் நம் நினைவிற்கு வந்தது. கோலூன்றி நடக்கும் அவ்வுருவமும் கருமையிடையே வெண்கோடுகளால் ஆனதே. அகழ்ந்தெடுத்த இடமே அங்கு ஒளியாகிறது. ஆயினும், எதை அகழ்வது, எதை விடுவது என்று அறிந்த கையால் அகழ்ந்தாலன்றோ ஒளி?

அன்னையை அழைத்து, மகன் முன்னிலையிலேயே, “அன்று நாம் அவசரப்பட்டுப் பேசிவிட்டோம்; தவறு நம்முடையது” என்றோம். அவர் கண்கலங்கி, “நீங்கள் சொன்னீர்களென்றுதான் சாமி, நானும் பிடிவாதமாக இருந்துவிட்டேன்” என்றார். மகன் சிறிது நேரம் மௌனமாயிருந்தான். பின்னர், “இன்னும் ஓராண்டுதானே, சாமி, பட்டத்தை முடித்துவிட்டு ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறேன்” என்றான். சென்னையில் 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளி, இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குவதை அவனே நமக்கு எடுத்துரைத்தான். அவனுக்காகப் பரிந்துரைக் கடிதம் எழுதித் தருவதாக வாக்களித்தோம். இழந்த ஈராண்டுகளை அக்கடிதம் மீட்டுத் தராது என்பதை அறிவோம்.

பெற்றோரே, பிள்ளைகளின் படிப்பைத் தீர்மானிக்கும் நாள் உங்கள் இல்லத்திலும் வரும். நம்மைப் போன்றோரிடம் கேட்பதற்கு முன், பிள்ளையிடம் கேளுங்கள்.

தலைகீழாய் விழுந்த அந்தக் ‘கேத்தி’ நம் அறைச் சுவரில் தொங்குகிறது. எவரேனும் ஆலோசனை கேட்டு வரும்போது, வாய் திறப்பதற்கு முன் அதை ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம்.