அஞ்சு குடம் தண்ணீர்

கண்ணாடி அறுக்கும்போது பக்கத்தில் நிற்பவன் வாயைத் திறக்கக் கூடாது. அண்ணன் கடையில் அது எழுதாத சட்டம். மண்ணெண்ணெயில் முக்கிய கட்டரை அளவுகோலை ஒட்டி வைத்து, முதுகை வளைத்து, ஒரே இழுப்பு. ‘கிர்ர்ர்’ என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் கோடு விழுந்துவிட்டது. நடுவில் சத்தம் அறுந்தால் கோடும் அந்த இடத்தில் அறுந்திருக்கிறது. அதற்காக மறுபடி அதே கோட்டில் ஓட்டினால் சக்கரமும் கெடும், கண்ணாடியும் தன் இஷ்டத்துக்கு உடையும். கோடு விழுந்த கண்ணாடியை மேசை ஓரத்துக்கு நகர்த்தி இரண்டு கையாலும் லேசாக அமுக்கினார். ‘டப்’. நேர்கோட்டில் இரண்டாகப் பிரிந்தது.

“இப்ப பேசலாம் தம்பி” என்றார்.

உசிலம்பட்டியில் தேனி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் அவர் கடை. ஜன்னலுக்குக் கண்ணாடி, சாமி படத்துக்குச் சட்டம், இவற்றுக்கு நடுவில் மீன் தொட்டி. இருபது வயதில் சென்னைக்குப் போய் கொளத்தூரில் ஒரு வண்ண மீன் பண்ணையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவர். கொளத்தூரை மீன் வளர்க்கிறவர்களிடம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கொளத்தூர், புழல், செங்குன்றம் பக்கம் சிமெண்டுத் தொட்டி கட்டாத மொட்டை மாடி குறைவு என்று அண்ணன் சொல்வார். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார், ஆனால் ரொம்ப இல்லை. தென்மாவட்டக் கடைகளில் நீந்துகிற கப்பியும் மோலியும் ஏஞ்சலும் பெரும்பாலும் அங்கே பிறந்தவைதான். பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன், வாய்க்கு இறுக்கமாக ரப்பர் பேண்ட், அட்டைப்பெட்டி, ராத்திரி பஸ். விடியக்காலையில் மதுரை.

அன்றைக்கு அவருக்கு இரண்டு வேலை. காலையில் ஒரு புதுத் தொட்டி ஒட்ட வேண்டும். மதியம் பேரையூர் ரோட்டில் ஒரு பூ வியாபாரி வீட்டில் நாலடித் தொட்டியைக் கலைத்துப் புதிதாக அடுக்க வேண்டும். நான் பன்னிரண்டு வருஷமாக வீட்டில் மீன் வளர்ப்பவன். கூடமாட நிற்கிறேன் என்று கேட்டுப் போயிருந்தேன்.

அறுத்த விளிம்பைத் தண்ணீர் தொட்டுச் சாணைக்கல்லில் தேய்ப்பது, துணியால் துடைத்து ஈரம் காயவிடுவது, ஒட்டுகிற இடத்தை விட்டு இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுவது என்று அரை நாள் இதிலேயே போகிறது. சிலிக்கான் போடுவது பத்து நிமிஷம்தான். அந்தப் பத்து நிமிஷமும் கடை முழுக்கக் காடி வாசனை. “பூஞ்சை பிடிக்காதுன்னு டப்பாவுல போட்டிருந்தா அதைத் தொடாதீங்க. அது பாத்ரூமுக்கு. பூஞ்சையைக் கொல்றது மீனை மட்டும் விட்டுவைக்குமா?” சிலிக்கான் தோல் கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிட வேண்டும். பிறகு இரண்டு நாள் யாரும் கை வைக்கக் கூடாது.

கண்ணாடியின் தடிமனைத் தொட்டியின் நீளத்தை மட்டும் வைத்து முடிவு செய்கிறவர்களைக் கண்டால் அண்ணனுக்குக் கோபம் வரும். தண்ணீர் கண்ணாடியை வெளியே தள்ளுகிற வேகம் ஆழத்தால் வருவது. கம்மாய்க் கரையை அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும் போடுவது ஏன் என்று கேட்பார். ஒன்றரை அடி உயரத்துக்கு மேலே போனால் அவர் சாதாரணக் கண்ணாடியில் செய்து தருவதே இல்லை. காய்ந்த தொட்டியைச் சோதிப்பதற்கு அவரிடம் ஒரு பழைய வழி. தரையில் தினத்தாளை விரித்து, அதன் மேல் தொட்டியை வைத்து, முழுக்கத் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விடுவார். கையில் தட்டுப்படாத கசிவு காகிதத்தில் கறுப்பாகத் தெரிந்துவிடும்.

மதியம் பூ வியாபாரி வீடு. கூடத்தில் தொட்டி. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஒன்பது கன அடி, அதாவது சுமார் 255 லிட்டர். மண்ணும் கல்லும் சேர்த்தால் 300 கிலோவைத் தாண்டும் பாரம். அதற்குள் நீலக் கல், பச்சைக் கல், காற்று வந்தால் வாய் திறக்கிற பிளாஸ்டிக் பெட்டகம், முக்குளிக்கிற ஒரு பொம்மை மனிதன், கலங்கிய தண்ணீரில் ஆறு கோல்டு ஃபிஷ், இரண்டு டேங்க் கிளீனர். வீட்டுக்காரர் போனில் ஒரு படத்தைக் காட்டினார். ஜப்பான்காரர் தகாஷி அமானோவின் பாணியில் யாரோ அமைத்தது. பச்சைப் புல்வெளி, நடுவில் மலை போலக் கல், மேலே ஆகாயம் மாதிரி வெறும் தண்ணீர். “இப்படி வேணும்ணே.”

அமானோ 1954இல் பிறந்து 2015இல் இறந்தவர். சைக்கிள் பந்தய வீரராக இருந்து மீன் தொட்டிக்கு வந்தவர். தொட்டியை அலமாரிப் பொருளாகப் பார்த்துக்கொண்டிருந்த உலகத்தை அதை ஒரு நிலக்காட்சியாகப் பார்க்க வைத்தது பெரும்பாலும் அவர்தான். ஆனால் அந்தப் படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொன்று இருக்கிறது: உப்பு குறைந்த மிருதுவான தண்ணீர். அண்ணன் பதில் சொல்லாமல் பையிலிருந்து, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை எடுத்து வீட்டுப் போர் தண்ணீரில் விட்டார். 1,240. என் வீட்டிலும் அதே கதைதான். எங்கள் ஊரில் பாத்திரம் காய்ந்தால் வெள்ளையாகக் கோடு விழும். அந்த வெள்ளைதான் தொட்டிக்குள்ளும் இருக்கிறது.

அமேசானில் இருந்து வந்த நியான் டெட்ராவும் டிஸ்கஸும் இந்தத் தண்ணீரில் வாழ்வதல்ல, நாள் கடத்துவது. எங்கள் போர் தண்ணீர் காரத்தில் ஆப்பிரிக்காவின் டாங்கனிகா ஏரிக்குத்தான் ஏதோ தூரத்துச் சொந்தம். கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் உப்புத் தண்ணீரைப் பொறுத்துக்கொள்ளும். மோலிக்கு அது பிடிக்கவே செய்யும். இது புரிவதற்கு எனக்கு நாலு வருஷமும் நிறைய மீன்களும் ஆயின. கடையில் அழகாக இருக்கிறதே என்று மீனை வாங்கி, அதற்கேற்ற தண்ணீரைத் தேடி அலைவதுதான் முதல் தொட்டிக்காரர்கள் எல்லாரும் செய்வது. கேன் தண்ணீர் வாங்கி ஊற்றியவன் நான். மீனை விடத் தண்ணீருக்கு அதிகம் செலவழித்தேன்.

வேலை தொடங்கியது. வீட்டிலிருந்த அப்பத்தா கட்டிலை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். குழாய் போட்டுத் தொட்டித் தண்ணீரை இரண்டு டிரம்மில் இறக்கினோம். பாதிக்கு மேல் பத்திரமாக வைக்க வேண்டும். மீனைப் பிடித்து வாளியில் விட்டு, காற்றுக் கல்லைப் போட்டு, மேலே ஈரத்துணி மூடினோம். ஃபில்டர் பஞ்சை அதே தொட்டித் தண்ணீரில் முக்கி வைத்தார் அண்ணன். அந்தப் பஞ்சைப் பார்த்ததும் எனக்கு என் பழைய பாவம் ஞாபகம் வந்தது.

முதல் வருஷம், தீபாவளிக்கு வீட்டைக் கழுவுகிற வேகத்தில் தொட்டியையும் கழுவினேன். கல், செடி, பஞ்சு எல்லாவற்றையும் குழாயடியில் வைத்து வெள்ளை வெளேரென்று அலசினேன். புதுத்தண்ணீர் ஊற்றினேன். பளிங்கு மாதிரி இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடின. வாரக் கடைசிக்குள் பதினொன்று செத்தன. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது, இன்னொருவகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் விஷம், கடைசியது செடிக்கு உரம். இந்தச் சிப்பந்திகள் குடியிருப்பது பஞ்சிலும் மண்ணிலும். புதிதாக ஒரு தொட்டியில் அவர்கள் பெருகி வேலையை எடுத்துக்கொள்ள நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நான் அலசியது அழுக்கை அல்ல, அவர்களை.

கல்லையெல்லாம் வாரியதும் அடியில் கறுப்புத் திட்டு. விரலால் கிண்டினால் அழுகிய முட்டை வாசனை. காற்றுப் போகாத அடிமண்ணில் கட்டும் வாயு அது. மீன் உள்ளே இருக்கும்போது இதைக் கிளறினால் அன்றைக்கே முடிந்தது கதை. அண்ணன் மண் முழுவதையும் வெளியேற்றினார்.

கல் தேர்வில்தான் அவருடைய கை தெரிந்தது. சாக்கில் இரண்டு வகைக் கல் கொண்டுவந்திருந்தார். ஒன்று மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் துண்டு. இன்னொன்று வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கி வைத்திருந்த வெள்ளைக் கல். எலுமிச்சம்பழத்தை அறுத்து இரண்டிலும் பிழிந்தார். கிரானைட்டில் சாறு வழிந்து போனது. வெள்ளைக் கல்லில் மெல்ல நுரை கட்டியது. சுண்ணாம்புக் கல். “ஏற்கெனவே கல்லுத் தண்ணி. அதுக்குள்ள இன்னும் சுண்ணாம்பைக் கரைக்கணுமா?” வெள்ளைக் கல் திண்ணைக்குப் போனது.

மண்ணை முன்பக்கம் இரண்டு அங்குலம், பின்பக்கம் நாலு அங்குலமாகச் சரித்தார். கண் ஏமாந்து தொட்டி ஆழமாகத் தெரியும். பெரிய கல்லை நட்டநடுவில் வைக்காமல் மூன்றில் ஒரு பாகம் தள்ளிச் சாய்த்து நட்டார். மண்ணின் மேல் அல்ல. அடிக்கண்ணாடியில் தெர்மாக்கோல் துண்டு வைத்து அதன் மேல், பிறகுதான் மண். மீன் தோண்டினாலும் கல் சாயாது. அதை ஒட்டி இன்னும் இரண்டு சிறு கல். “எப்பவும் மூணு, இல்லாட்டி அஞ்சு. ரெண்டு வச்சா கோயில் வாசல் துவாரபாலகர் மாதிரி ஆகிப்போகும்.” அமானோவின் வழியில் கல் அடுக்குகிற ஜப்பானியர்களும் ஒற்றைப்படையில்தான் வைப்பார்கள். அண்ணனுக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை, சொன்னால் அவருடைய துவாரபாலகர் போய்விடுவார்.

செடிக்குக் கொட்டி. சேற்றுக் கிழங்கிலிருந்து முளைத்து, நீருக்குள் நெளிநெளியாக இலைவிட்டு, மேலே வந்து பூக்கிற நம் ஊர்க் கம்மாய்ச் செடி. இதன் குடும்பத்தை உலகமெங்கும் அபோனோஜெட்டான் என்று பேர் சொல்லி மீன் கடைகளில் விற்கிறார்கள். மழை பெய்து கம்மாய் நிறைந்த வருஷத்தில் அண்ணன் கிழங்கு பறித்து வந்து சிமெண்டுத் தொட்டியில் வளர்க்கிறார். அது எல்லா வருஷமும் நடப்பதில்லை. 1959இல் திறந்த வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. எங்கள் பக்கத்துக் கம்மாய்களுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற 58 கிராமக் கால்வாயின் தலை உயரத்தில் இருப்பதால், அணை கிட்டத்தட்ட நிறைந்தால்தான் எங்களுக்கு. கால்வாயில் தண்ணீர் வரும் வருஷம் அண்ணனிடம் கொட்டி மலிவு.

டேங்க் கிளீனர் இரண்டையும் திரும்ப வைக்க மாட்டேன் என்றார். தென் அமெரிக்க மீன். சின்னதில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும். பெரிதானால் ஒன்றரை அடி வரும், கோல்டு ஃபிஷ்ஷின் மேல்தோலையும் உறிஞ்சும். வளர்ந்ததும் பாவம் பார்த்து ஆற்றில் விடுகிறவர்கள் உண்டு. அந்தப் பாவத்தின் விளைவுதான் இன்றைக்கு ஆந்திராவிலிருந்து கேரளா வரை வலையைக் கிழித்துக்கொண்டு திரிகிறது. “கம்மாயில விட்டுறாதீங்கண்ணே. நானே கொண்டுபோறேன்.”

அதற்குப் பதிலாக அவர் எடுத்த பையைப் பார்த்து அப்பத்தா ஒரு எட்டு முன்னால் வந்தார். உள்ளே பத்து அயிரை.

“ஏப்பா, இது கொழம்புக்குத்தான?”

“இல்லாத்தா. இது தொட்டிக்கு. அடிமண்ணுல கிடக்கிற எச்சத்தைப் பொறுக்கித் தின்னும்.”

“கிலோ ஆயிரத்துக்கு மேல விக்கிற மீனை வேலைக்காரனா விடுறியாக்கும்” என்றார் அப்பத்தா. உயிரோடு வாங்கி, பாலில் விட்டு மண்ணைக் கக்க வைத்து, உப்புப் போட்டு உரசி, புளி கரைத்து ஊற்றுவது வரை விவரித்தார். பிறகு கேட்டார்: “கொழம்புக்கு ஆகாத மீனுக்கு எதுக்கு இம்புட்டுத் தண்ணி?”

இந்தக் கேள்வியை இந்த ஊரில் லேசாக ஒதுக்க முடியாது. குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்த தலைமுறை அது. அண்ணன் கணக்குச் சொன்னார். வாரம் ஒரு தடவை மூன்றில் ஒரு பங்கு மாற்றினால் 80 லிட்டர், அஞ்சு குடத்துக்குக் கொஞ்சம் கூட. செடி வைத்து, மீனைக் குறைத்து, தீனியைக் கட்டுப்படுத்தினால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். மாற்றுகிற தண்ணீரைக் கொட்ட வேண்டாம். மல்லிகைக்கு ஊற்றலாம், அதிலேயே உரம் இருக்கிறது. பூ வியாபாரி வீடு என்பதால் கடைசி வார்த்தை எடுபட்டது. அப்பத்தா ஒரு சொம்பில் மொண்டு வாசலுக்குப் போய்க் கறிவேப்பிலைக்கு ஊற்றிவிட்டு வந்தார். சோதனையாக இருக்கும்.

கல்லின் மேல் ஒரு தட்டை வைத்து, அந்தத் தட்டில் விழுமாறு மெதுவாக ஊற்றினோம். முதலில் டிரம்மில் வைத்திருந்த பழைய தண்ணீர், பிறகு முந்தின நாளே பிடித்துத் திறந்து வைத்திருந்த குழாய்த் தண்ணீர். அதற்குள் குளோரின் பறந்திருக்கும். பஞ்சு தன் இடத்துக்குப் போனது. மாலை அஞ்சரைக்குக் கரண்ட் போனது. அண்ணன் அலட்டிக்கொள்ளாமல் ஒரு கிண்ணத்தை எடுத்துத் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே வீட்டுப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தார். சித்திரை மாதத்தில் தண்ணீர் சூடேறி ஆக்சிஜன் குறையும்போது கரண்ட் போனால் இந்தக் கிண்ணம்தான் மோட்டார்.

கோல்டு ஃபிஷ் ஆறில் இரண்டை மட்டும் திரும்ப விட்டார். நாலை வீட்டுக்காரர் மனசில்லாமல் கொடுத்தார். மோலி பன்னிரண்டு புதிது. கடைசியாக அயிரை. பையைச் சாய்த்ததும் பத்தும் நூல் விட்ட மாதிரி இறங்கி அடியில் ஒரு கணம் நின்றன. ஒன்று மீசையால் மணலைத் தொட்டுப் பார்த்தது. தலையை ஒரு ஆட்டு. வால் நுனி மட்டும் தெரிந்தது. அதுவும் போய்விட்டது. பையன் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு “அப்பத்தா, காணோம்” என்றான்.

மறுநாள் காலை நான் கடையில் இருக்கும்போது அண்ணனுக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். வீட்டுக்காரர்தான். தண்ணீர் தெளிந்துவிட்டதாம், மீனெல்லாம் சுகமாம். அயிரை மட்டும் பத்தில் மூன்றுதான் தெரிகிறதாம். காலையிலிருந்து பையன் அப்பத்தாவை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே இருக்கிறானாம். அப்பத்தா கோபித்துக்கொண்டு சாப்பிடவில்லையாம்.

“மண்ணுக்குள்ளதான் இருக்கும், கிண்டிறாதீங்க” என்றார் அண்ணன். “ராத்திரி லைட்டை அணைச்சிட்டு அரை மணி நேரம் சத்தம் போடாம உக்காரச் சொல்லுங்க. ஒண்ணொண்ணா வெளிய வரும். அப்பத்தாவையும் பக்கத்துல உக்கார வச்சுக்கங்க.”

போனை வைத்துவிட்டுக் கட்டரை மண்ணெண்ணெயில் முக்கினார். நான் வாயை மூடிக்கொண்டேன்.