தனுஷ்கோடியின் கல்வீடுகள்

தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் குமரி மாவட்டத்து மீனவர் பலரைக் காணலாம். கடலின் சீற்றத்தை நன்கு அறிந்தவர்கள் அவர்கள். அச்சீற்றத்திற்கு ஓர் ஊரையே பறிகொடுத்த இடம் தனுஷ்கோடி.

2017-இல் தார்ச்சாலை அமையும் வரை முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலில் நடந்தோ வண்டியிலோதான் அங்கே செல்ல இயன்றது. ஒருபுறம் வங்கக்கடல், மறுபுறம் மன்னார் வளைகுடா. கால் புதையும் நடையின் முடிவில், பவளக்கற்களால் எழுப்பிய தேவாலயத்தின் கூரையற்ற சுவர்கள் தென்படும். அருகே இடிந்த இரயில் நிலையமும் வீடுகளும் நிற்கும். அக்கற்களும் கடல் தந்தவையே!

1964 டிசம்பர் 22 இரவில் வீசிய புயலில், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் இரயில் நூற்றுக்கு மேற்பட்டோருடன் மூழ்கியது. இலங்கைக்குக் கப்பல் ஏறுவோரால் நிறைந்திருந்த ஊர், வாழத் தகுதியற்றது என அறிவிக்கப்பட்டது. சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாள்களில் சீரமைத்தவர் கேரளப் பொறியாளர் இ. ஸ்ரீதரன். ஆனால் தனுஷ்கோடிக்கு இரயில் திரும்பவே இல்லை.

மீனவர்கள் திரும்பினர். ஓலைக்குடில்களில் வாழ்கின்றனர், மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுக்கின்றனர். இருபுறமும் கடல் சூழ்ந்தும் அந்நீர் கரிப்பதில்லை. சுற்றுலாப் பயணிகளோ அவ்வூரைப் ‘பேய் நகரம்’ என்கின்றனர். அடுப்பு எரியும் ஊருக்கு அப்பெயர் எங்ஙனம் பொருந்தும்? இடிந்த சுவரோரத்தில் வலைகள் உலர்கின்றன.