சைபரும் காலிக் கட்டமும்

வேல்ஸ் என்றால் நம்மில் பலருக்கு 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' என்ற பட்டம்தான் நினைவுக்கு வரும். எனக்கு அது 'பேயி த கால்'. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் சுவரில் தொங்கிய நிலப்படத்தில் அப்படித்தான் எழுதியிருக்கும். பெயரிலேயே பேய் இருக்கிறது என்று பையன்கள் சிரிப்போம். நிலக்கரி, ஆடு, மழை என்று மூன்று சொற்களைச் சொல்லிவிட்டு முசியே அடுத்த நாட்டுக்குப் போய்விடுவார். அந்த நாட்டுக்கென்று ஒரு பாஷை உண்டு என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது என் மகள் அங்கே கார்டிஃப் நகரத்தில் செவிலியராக இருக்கிறாள். இரண்டு முறை போய்ப் பல மாதங்கள் தங்கிவிட்டு வந்தேன். பேரன் படிப்பது வெல்ஷ் வழிப் பள்ளி. எல்லாப் பாடமும் வெல்ஷில்தான். இதைக் கேள்விப்பட்டபோது எங்கள் வீட்டில் ஒரு மாதம் ரகளை. "ஊரில் ஐந்தில் ஒருத்தர்கூடப் பேசாத பாஷையில் சயின்ஸ் படித்து என்ன பிரயோஜனம்?" என்று சம்பந்தியம்மா கேட்டார்கள். கணக்கு சரிதான். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வேல்ஸில் வெல்ஷ் பேசுகிறவர்கள் 17.8 சதவீதம், சுமார் 5 லட்சத்து 38 ஆயிரம் பேர். 2050-க்குள் அதைப் பத்து லட்சமாக்குவது அந்த அரசாங்கத்தின் திட்டம். மகள் சொன்ன பதில் சின்னது: "இங்கிலீஷ் தெருவிலேயே கிடைக்கும்ப்பா. இது பள்ளிக்கூடத்தில்தான் கிடைக்கும்."

நான் வாயைத் திறக்கவில்லை. 1962-க்குப் பிறகு, பிரெஞ்சு படித்த எங்களைப் பார்த்து ஊர் கேட்ட கேள்வியும் இதேதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேல்ஸ் பள்ளிகள் பலவற்றில் ஒரு வழக்கம் இருந்தது. வெல்ஷ் பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு மரக்கட்டையை மாட்டுவார்கள். அடுத்து யார் வெல்ஷ் பேசுகிறானோ அவன் கழுத்துக்கு அது மாறும். மாலையில் மணி அடிக்கும்போது யாரிடம் இருக்கிறதோ அவனுக்கு அடி. பிரான்ஸில் பிரெத்தாஞ் பகுதிப் பள்ளிகளிலும் இதே ஏற்பாடு இருந்தது. பிரெத்தோன் மொழியும் வெல்ஷும் அக்கா தங்கை முறை. இரண்டு ராஜ்ஜியங்களும் கலந்து பேசாமலே ஒரே தண்டனையைக் கண்டுபிடித்திருக்கின்றன. நான் படித்த பள்ளியில் கட்டையெல்லாம் கிடையாது. வகுப்பில் தமிழ் கேட்டால் முசியே புருவத்தைத் தூக்குவார், அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது.

சரி, சொல்ல வந்தது பேரனின் விஞ்ஞானப் பாடத்தைப் பற்றி.

வேல்ஸின் தேசிய அருங்காட்சியகம் 2005 அக்டோபரிலிருந்து ஒரு வேலை செய்துவருகிறது. ஆரம்பப் பள்ளிகளுக்கு டாஃபடில், குரோக்கஸ் கிழங்குகளை அனுப்பிவைக்கும். நம் வெங்காயம் போல இருக்கும். பிள்ளைக்கு ஒரு கிழங்கு, ஒரு தொட்டி. 'இந்தக் கிழங்கை நான் வளர்ப்பேன்' என்று தத்து எடுத்த சான்றிதழ்கூட உண்டு. அக்டோபரில் நட்டுவிட்டு, நவம்பரிலிருந்து மார்ச் வரை பள்ளி நடக்கும் நாளெல்லாம் பிள்ளைகள் முறை வைத்து வெளியே போய் வெப்பநிலையையும் மழையளவையும் குறித்து அருங்காட்சியகத்துக்கு அனுப்ப வேண்டும். பிறகு பூ விரிந்த தேதி, செடியின் உயரம் எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் அனுப்ப வேண்டும். முதலில் வேல்ஸில் தொடங்கியது, பின்னர் பிரிட்டனின் மற்றப் பகுதிப் பள்ளிகளும் சேர்ந்துகொண்டன.

இந்தப் பூக்களுக்குக் குளிர் வேண்டும். சில வாரங்கள் மண்ணுக்குள் நன்றாகக் குளிர்ந்தால்தான் கிழங்குக்குள் பூ தயாராகும். அதற்குப் பிறகு வெயிலின் சூடு பட்டால் மேலே வரும். அதனால் குளிர்காலம் எப்படிப் போனது என்பதைப் பூவின் தேதியே சொல்லிவிடும். 2013 மார்ச்சில் பிரிட்டனில் கடுங்குளிர்; டாஃபடில்கள் தாமதமாகின. 2015 டிசம்பர் அந்த நாட்டுப் பதிவேடுகளிலேயே மிக வெதுவெதுப்பான டிசம்பர். பல இடங்களில் கிறிஸ்துமஸுக்கு முன்பே பூத்துவிட்டன. ஒரு வருடத்துத் தேதியை வைத்துக்கொண்டு எதுவும் பேச முடியாது. இருபது வருடத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவை பேசும். அதற்குப் பத்து வயதுப் பிள்ளைகள் எழுதிய எண்கள்தான் ஆதாரம்.

நான் சர்வீஸில் சேர்ந்த புதிதில் சில ஆண்டுகள் மழையளவு அறிக்கை தொகுக்கும் இருக்கையில் இருந்தேன். காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்து எழுதிய எண்கள் பல இடங்களிலிருந்து வரும். நான் கூட்டி, தட்டச்சு செய்து மேலே அனுப்புவேன். ஓர் அலுவலகத்திலிருந்து வரும் தாளில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எப்போதும் சைபர். ஞாயிறு அன்று அங்கே மழை பெய்யக் கூடாது என்று உத்தரவு போட்டார்களோ என்னவோ! விசாரித்தால், "கட்டம் காலியா இருந்தா ஆடிட்டுல கேப்பாங்க சார்" என்று பதில் வந்தது.

பேரனின் வகுப்பில் இந்த விஷயத்தை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு திங்கட்கிழமை அவன் நோட்டைப் பார்த்தேன். சனி, ஞாயிறு கட்டங்களில் 'பதிவு இல்லை' என்று எழுதியிருந்தான்.

"ஏன்டா கண்ணு, சைபர் போடலையா?" என்றேன், வேண்டுமென்றே.

"சைபர்னா நான் பாத்தேன், மழை இல்லைன்னு அர்த்தம் தாத்தா. நான் பாக்கவே இல்லையே."

எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஓய்வுபெற்ற எழுத்தருக்கு இதைவிட சந்தோஷம் என்ன இருக்கிறது? அவனைக் கூப்பிட்டு ஒரு பவுண்டு கொடுத்தேன். மகள் திட்டினாள்.

அவனுக்கும் எனக்கும் ஒரு மழைப் போட்டி உண்டு. கார்டிஃபில் ஆண்டுக்கு 1,150 மில்லிமீட்டர் சுமாருக்கு மழை. நம் புதுச்சேரியில் 1,300-ஐ ஒட்டி. தாத்தா ஊர்தான் ஜாஸ்தி என்றால் நம்ப மாட்டேன் என்றான். நீங்கள் வருடம் முழுக்க அழுகிறீர்கள், நாங்கள் ஐப்பசி கார்த்திகையில் ஒரேயடியாக அழுதுவிடுவோம் என்றேன். 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்ததைச் சொன்னபோது, அவன் தன் பிளாஸ்டிக் மழைமானியை எடுத்துப் பார்த்து, "அப்ப இது எத்தனை தடவை வழியும்?" என்று கணக்குப் போட ஆரம்பித்தான்.

பாடத்தாள்கள் எல்லாம் இரண்டு மொழியில் வருகின்றன. ஒரு பக்கம் வெல்ஷ், ஒரு பக்கம் ஆங்கிலம். அரசாங்கமே நடத்தும் கல்வித்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் வெல்ஷ் படிக்கப் பார்த்தேன். ஒளிச்சேர்க்கை அங்கே 'ஃபோட்டோசிந்தெசிஸ்'. ஆங்கிலச் சொல்தான், ஆனால் ஆரம்பத்தில் இரண்டு எஃப் போடுகிறார்கள். ஒற்றை எஃப் வெல்ஷில் 'வ' ஆகிவிடுமாம். ஆக்ஸிஜனும் அப்படித்தான், தங்கள் எழுத்துக்குத் தகுந்தபடி உள்ளே எடுத்துக்கொண்டார்கள். பிராணவாயுவா, உயிர்வளியா, ஆக்ஸிஜனா என்று நாம் பட்ட பாடு அங்கே இல்லை. பேங்கர் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. பள்ளிப் பாடத்துக்கான சொற்களை ஒரே மாதிரியாக நிர்ணயம் செய்துவிடுகிறார்கள். பாடப்புத்தகத்தில் ஒரு சொல், பரீட்சைத்தாளில் வேறு சொல் என்ற குழப்பம் பிள்ளைக்கு வராது.

ஆனால் கண்முன்னே ஓடுவதற்கும் பறப்பதற்கும் யாரிடமும் சொல் கடன் வாங்கவில்லை. தட்டான்பூச்சிக்கு வெல்ஷில் 'பாம்பின் வேலைக்காரன்' என்று பெயர். முதுகில் புள்ளி வைத்த அந்தச் சிவப்பு வண்டு 'குட்டைச் சிவப்புப் பசு'. டாஃபடில் 'பீட்டரின் லீக்'. லீக் என்பது வெங்காயத்தாள் ஜாதி, எங்கள் பக்கத்து மதாம் வீடுகளில் 'புவாரோ' என்று சூப்பில் போடுவார்கள். பழைய கிறிஸ்தவத் தமிழில் சொன்னால் இராயப்பர் வெங்காயத்தாள்! இதே பூவை 'ழோன்கீய்' என்று நான் ஒன்பது வயதில் எழுத்துப்பிழையில்லாமல் எழுதுவேன். மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் பூவைப் பார்த்தது அறுபத்தெட்டு வயதில். எங்கள் வீட்டுக் கொல்லையில் கிடந்த குப்பைமேனிக்கும் கீழாநெல்லிக்கும் எந்தப் பாடத்திலும் இடம் இல்லை, அவற்றை ஆயாதான் சொல்லிக்கொடுத்தாள். பிரெஞ்சின் மேல் எனக்குக் குறை கிடையாது. இன்றும் தனியாக இருக்கும்போது அதில்தான் எண்ணுகிறேன். ஆனால் பேரனுக்குப் பள்ளிப் பாடமும் வாசலில் பூத்த பூவும் ஒன்றாக இருக்கிறது பாருங்கள், அது எனக்குக் கிடைக்காதது.

2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய புதிய பாடத்திட்டத்தில் 'கனெவின்' என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஆட்டுக்காரர்களின் சொல்லாம். மலையில் வேலி இல்லாமலே ஒவ்வொரு மந்தைக்கும் தன் மேய்ச்சல் எல்லை தெரியும், குட்டி தாயிடமிருந்து அதைக் கற்றுக்கொள்ளும். அந்த இடத்துக்குப் பெயர் கனெவின். பிள்ளை முதலில் தன் கனெவினைப் படிக்கட்டும், பிறகு உலகத்துக்குப் போகட்டும் என்கிறார்கள். அதன்படியே இயற்கை வளத் துறை இலையுதிர் காலத்தில் பிள்ளைகளை ஓக் மரத்து விதைகளைப் பொறுக்கச் சொல்கிறது. எடை போட்டுப் பள்ளிக்குப் பணம் தருகிறது. விதை நாற்றங்காலுக்குப் போய், அந்த மண்ணுக்கே உரிய மரமாகத் திரும்பி வரும்.

எல்லாம் இப்படி என்று சொல்ல மாட்டேன். விளக்கை அணை, குழாயை மூடு, பூமித்தாயைக் காப்பாற்று என்று சுவரொட்டி வரையச் சொல்லும் பாடங்களும் நிறைய இருக்கின்றன. பச்சைக் கொடி, சான்றிதழ், கைதட்டல். நம் ஊர் வன மகோற்சவம் போல. பேரனுக்கும் அதில் ருசி இல்லை, எனக்கும் இல்லை.

சுற்றுச்சூழல் என்பது அங்கே பூ மட்டும் அல்ல. பிளைனாவன் என்ற ஊரில் 1980-இல் மூடப்பட்ட ஒரு நிலக்கரிச் சுரங்கம் இப்போது அருங்காட்சியகம். கைக்கடிகாரம், கைப்பேசி என்று பேட்டரி உள்ள எதையும் மேலேயே வாங்கி வைத்துக்கொண்டு, தலையில் விளக்கு மாட்டி 90 மீட்டர் கீழே இறக்குகிறார்கள். முன்னாள் சுரங்கத் தொழிலாளிகள்தான் வழிகாட்டிகள். பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். என் முழங்கால் ஒத்துழைக்காவிட்டாலும் இறங்கி ஏறினேன்.

இன்னொரு நாள் பேரனுடன் ரயிலில் ஆபர்வான் போனேன். 1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை, இடைவிடுமுறைக்கு முந்தைய கடைசிப் பள்ளி நாள். காலை ஒன்பதேகால் மணிக்கு, மலைமேல் கொட்டி வைத்திருந்த சுரங்கக் கழிவு மேடு சரிந்து பான்ட்க்லாஸ் ஆரம்பப் பள்ளியின்மேல் விழுந்தது. இறந்தவர்கள் 144 பேர். அதில் 116 பேர் குழந்தைகள். பள்ளி இருந்த இடம் இப்போது ஒரு சின்னப் பூந்தோட்டம்.

அந்த ஏழாம் எண் மேட்டை ஓர் ஊற்றின் மேல் கொட்டியிருந்தார்கள். ஊற்று யாருக்கும் தெரியாதது அல்ல, அரசாங்க வரைபடத்திலேயே குறித்திருந்தது. பேரன் பள்ளியில் இதைப் படித்திருக்கிறான். வரைபடத்தில் ஊற்றுக்கு என்ன அடையாளம் என்று எனக்குக் காட்டினான். விசாரணைக் குழு தேசிய நிலக்கரி வாரியத்தைத்தான் பொறுப்பாளி என்று 1967-இல் சொன்னது. எனக்குத் தொண்டையை அடைத்தது வேறொன்று. 1963-லேயே அந்த வட்டாரத்து நகராட்சியிலிருந்து வாரியத்துக்குக் கடிதம் போயிருக்கிறது. பான்ட்க்லாஸ் பள்ளிகளுக்குப் பின்புறம் நிலக்கரிச் சேறு கொட்டப்படுவதால் ஆபத்து என்பதுதான் அந்தக் கடிதத்தின் தலைப்பு. 'பொருள்' என்று போட்டு நாம் எழுதுவோமே, அந்த இடத்தில் பள்ளியின் பெயரே இருந்தது.

திரும்பும் ரயிலில் பையன் கேட்டான்: "அந்த லெட்டரை யாரு படிச்சாங்க தாத்தா?"

ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் வந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குச் சொன்னேன். தபால் பிரிவு, வரவுப் பதிவேடு, எண், தேதி முத்திரை, எந்த இருக்கைக்குப் போக வேண்டும் என்ற குறிப்பு, கோப்பு, மேலே போவது, கையெழுத்துடன் கீழே வருவது, பதில் போட்டாயிற்றா என்று பார்க்கும் பத்தி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் உண்டு என்றேன். எந்தக் கட்டத்தில் அது நின்றது என்று கேட்டான். கார்டிஃப் வருகிறவரை அதைத்தான் பேசிக்கொண்டு வந்தோம்.