பெருங்கணினியின் வாயிலில்

மல்லேசுவரத்திலிருந்து யசுவந்தபுரம் செல்லும் வழியில் மரங்கள் அடர்ந்த பெரிய வளாகம் ஒன்று உண்டு. 1909ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய அறிவியல் கழகம் அது. பழைய பெங்களூர்வாசிகள் அதை 'டாட்டா இன்ஸ்டிட்யூட்' என்றே இன்றும் வழங்குவர். அங்கே 2022ஆம் ஆண்டில் 'பரம் பிரவேகா' என்னும் மீத்திறன் கணினி நிறுவப்பட்டது. நொடிக்கு 33 கோடி கோடி கணக்குகள் என்பது அதன் உச்ச வேகம். பருவமழையின் போக்கை ஆராய்வோரும், மருந்துகளின் மூலக்கூறுகளை ஆராய்வோரும் இத்தகைய பொறிகளை நாடுகின்றனர்.

இவ்வளவு பெரிய பொறியின் முன் தமிழ்வழியில் பயின்ற பிள்ளை போய் அமர்ந்தால் என்ன ஆகும்? நம் தமக்கையின் மகனுக்கு ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் இடம் கிடைத்தது. கணக்கெண்ணும் கடவுச்சொல்லும் கைக்கு வந்தன. ஆனால் இரண்டு வாரம் அவன் அதைத் தொடவே இல்லை. கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தவறாக இட்டால் பொறி முழுவதும் நின்றுவிடுமோ என்ற அச்சம். பிறரைக் கேட்டால் நகைப்பார்களோ என்ற கூச்சம். நம் குடும்பங்கள் பலவற்றில் இத்துறைக்கு முதன்முதலாகச் செல்பவன் அந்தப் பிள்ளையே. வழி சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. அறிவில் குறையில்லாத பிள்ளையும் இக்கூச்சத்தால் பின்தங்கிப் போவது உண்டு.

நாமோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து, ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவர். எனினும் பின்னாளில் அவன் விளக்கியபோது, அது நமக்குப் பழகிய உலகமாகவே தோன்றியது.

பெருங்கணினி என்பது ஒற்றைப் பொறி அன்று. நூற்றுக்கணக்கான கணினிகளை அதிவேக இணைப்பால் பிணைத்த தொகுதி. வெளியிலிருந்து வருபவர் முதலில் அடைவது நுழைவுக் கணினியை. அதை நிலையத்தின் முன்கூடம் எனலாம். அங்கே கோப்புகளைத் திருத்தலாம்; விண்ணப்பம் எழுதலாம். பெரிய கணக்கை அங்கேயே ஓட்டுதல் ஆகாது. முன்கூடத்தில் ஒருவர் மூட்டைகளைப் பரப்பிவிட்டால் மற்றவர் எப்படி நடப்பது?

பெரிய கணக்கிற்குத் தனி விண்ணப்பம் உண்டு. எத்தனை கணினிகள் வேண்டும், எவ்வளவு நினைவகம், எத்தனை மணி நேரம் என்று அதில் எழுத வேண்டும். 'ஸ்லர்ம்' என்னும் மென்பொருள் அதைப் பெற்று ஓர் எண் தரும். அந்த எண்ணைக் கொண்டு, வேலை காத்திருக்கிறதா, ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். காத்திருப்போர் பட்டியலில் பெயர் உள்ளவர் படும் தவிப்பை அறியாத தமிழர் யார்?

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கேட்ட நேரம் தீர்ந்ததும், வேலை முடியாவிட்டாலும் அது நிறுத்தப்படும். அதற்கு அஞ்சி, 2 மணி நேர வேலைக்கு 2 நாள் கேட்பவர் உளர். அவர்கள் நெடுநேரம் காத்திருக்க நேரும். ஏனெனில், பெரிய வேலை ஒன்றுக்காகக் கணினிகள் சேரும் இடைவெளியில், சிறிய வேலைகளை ஸ்லர்ம் உள்ளே விடுகிறது. எக்ஸ்பிரஸ் வருவதற்கு முன் சரக்கு வண்டியை அடுத்த நிலையம் வரை அனுப்புவது போன்றது இது. எனவே தேவையை ஓரளவு சரியாகக் கணித்து, சற்றே கூட்டிக் கேட்பவருக்கு விரைவில் இடம் கிடைக்கிறது.

அதிகக் கணினிகள் கேட்டால் வேலை விரைந்து முடியும் என்பதும் எப்போதும் உண்மையன்று. பிரிக்க இயலாத பகுதி தன் நேரத்தை எடுத்தே தீரும் என்று ஜீன் ஆம்டால் 1967இல் விளக்கினார். பெட்டிகளைக் கூட்டினால் மிகுந்த பேர் பயணம் செய்யலாம்; அதனால் வண்டி காட்பாடிக்கு முன்னதாகப் போய்ச் சேர்ந்துவிடாது.

பிள்ளையின் அச்சத்திற்கும் விடை உண்டு. சாதாரணப் பயனாளருக்குப் பொறியின் உள்ளமைப்பை மாற்றும் உரிமை கிடையாது. ஆகவே அவர் இடும் ஒரு கட்டளையால் பொறி பாழாகாது. ஆனால் தம் கோப்பைத் தாமே அழித்தால் அது பெரும்பாலும் திரும்பாது. பிரதி ஒன்றை வேறிடத்தில் வைத்தல் நலம். முதலில் ஒரே கணினியில், சில நிமிடங்களில் முடியும் சிறு கணக்கை அனுப்பிப் பார்க்க வேண்டும். விடை சரியானால் மெல்லப் பெருக்கலாம்.

பொதுச் சொத்தைப் பங்கிட்டு உண்ணும் ஒழுக்கமே இதில் முதற்பாடம். அளவறிந்து கேட்டல், முறை வரும்வரை காத்தல், பிறர் வழியை மறியாதிருத்தல் ஆகியவற்றை நம் பிள்ளைகள் ஒண்டுக்குடித்தனத்துத் தண்ணீர்க் குழாயடியிலேயே கற்றுவிட்டனர். எஞ்சிய கட்டளைகள் பழகப் பழக வரும். இத்துறையில் பயிலும் நம் இளைஞர் ஒருவர், மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை சங்கக் கட்டடத்தில் அமர்ந்து, புதிதாய் வரும் பிள்ளைகளுக்குத் தமிழில் இவற்றைச் சொல்லித் தருவாராயின், இரண்டு வாரக் கூச்சம் இரண்டு மணி நேரத்தில் தீரும்.