மணப்பாட்டுச் சாலையில்

தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு நோக்கி அண்மையில் காரில் பயணமானோம். இளமையில் நம்மோடு பயின்ற மீனவ நண்பர் இருவரைக் காண்பதே நோக்கம். உப்பளங்களின் வெண்குவியல்களும், தாமிரபரணி பாயும் ஆத்தூரின் வெற்றிலைக் கொடிக்கால்களும், திருச்செந்தூருக்கு அப்பால் பனைகளும் கண்ணுக்கு விருந்தாயின. 2024இல் ராக்கெட் ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்ற குலசேகரன்பட்டினத்தையும் கடந்தோம்.

மணப்பாட்டில், கடலோர மணற்குன்றின்மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம் தொலைவிலேயே தெரிந்தது. 1542இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கிய குகையும் அக்குன்றிலேயே உண்டு.

நண்பருள் ஒருவருக்குப் பார்வை மங்கிவிட்டது. நம் குரலைக் கேட்டதும், "வாங்க சாமி" என்று கைகளைப் பற்றிக்கொண்டார். திண்ணையில் அமர்ந்திருக்கையில், கன்னத்தில் பட்ட காற்றை உணர்ந்து, "கொண்டல் திரும்பிட்டு சாமி" என்றார். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனத் திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அறிந்த தலைமுறை அது. மற்றவரோ, "என் பேரனுக்கு ஜி.பி.எஸ். தெரியும், காத்துப் பேரு தெரியாது" என்று நகைத்தார். அந்நகைப்பில் கவலையும் கலந்திருந்தது.

கருவி வழிகாட்டட்டும், நன்றே. ஆயினும், ஏட்டில் ஏறாத அறிவு அதனை உடையவரோடு மறைந்துபோகும். அன்பர்களே, கடற்கரைக்குச் செல்லுங்கால் காட்சியோடு திரும்பிவிடாதீர். முதியோரின் திண்ணையில் உங்கள் பிள்ளைகளைச் சற்றே அமரச் செய்வீராக.